பனிக்காலத்துத் தேன்கூடு

பனி என்னும் ஒரு சொல்லைக் கொண்டே நாம் பல பொருள்களைக் குறிக்கின்றோம். வைகறையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மார்கழியில் தலையைப் போர்த்துக்கொண்டு நடக்கச் செய்யும் குளிரும் பனி. வடதேசங்களில் வானத்திலிருந்து பஞ்சுபோல் வீழ்ந்து முழங்காலளவு தரையை மூடும் உறைநீரும் பனி. முதலிரண்டையும் நாம் நன்கு அறிவோம். மூன்றாவது, நம்மிற் பெரும்பாலார்க்குப் படத்திலும் பாடநூலிலும் கண்ட பொருளே. மரங்கள் இலையுதிர்ந்து நிற்க, பூவென்ற பேச்சுக்கே இடமில்லாத அந்த ஐந்து மாத காலத்தில், பூவையே நம்பி வாழும் தேனீ என்ன செய்கின்றது?

வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால், கரடியைப் போலத் தேனீயும் உறங்கிவிடும் என்றே மாணவர் பலர் விடை கூறுவர். குளிர்நாட்டுக் குளவிகளைப் பொறுத்தவரையில் அவ்விடை ஓரளவு பொருந்தும். அங்கே இலையுதிர்காலம் முடியும்போது குளவிக்கூடு முழுவதும் மடிந்துபோக, கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் ஏதேனுமோர் இடுக்கிற் புகுந்து உறங்கிக் கிடக்கும். தேனீயின் வழி வேறு. அது தனியே பிழைப்பதை விரும்புவதில்லை, உறங்குவதுமில்லை. கூட்டம் முழுவதும் ஒன்றாய் விழித்திருந்து, தான் சேர்த்த தேனையே விறகாக எரித்து, குளிர்காலத்தைக் கடந்துவிடுகின்றது. அதனைக் கடக்கச் செய்வதிலே மனிதனுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு யாது, எக்காலத்தில் ஆற்றவேண்டியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலைநாடும் அதன் தேனீயும்

இதனை அறிவதற்கு ஏற்ற இடம் சுலோவேனியா. ஐரோப்பாவின் அல்ப்சு மலைத்தொடர் கிழக்கே தாழ்ந்து முடியும் பகுதியில், இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோஷியா ஆகிய நாடுகளுக்கு நடுவே அமைந்தது அச்சிறு நாடு. வடமேற்கிலே 2,864 மீற்றர் உயரமுள்ள திரிகிலாவ் சிகரம் நிற்கின்றது. அதன் அடிவாரப் பள்ளத்தாக்குகளில், சனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியசுக்கும் அப்பால் இறங்குவதுண்டு. ஏறக்குறைய 20 இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில் 10,000 பேருக்கு மேற்பட்டோர் தேனீ வளர்க்கின்றனர்.

அவர்கள் வளர்ப்பது கார்ணியோலாத் தேனீ. அம்மாநிலத்தின் பழம்பெயரே அதற்கு வழங்குகின்றது. சாம்பல் நிறமும் சாந்த குணமும் உடைய இவ்வினம் சிறிய கூட்டமாய்ச் சுருங்கி, குறைந்த உணவுடன் குளிர்காலத்தைக் கழித்து, இளவேனில் தொடங்கியதும் விரைந்து பெருகும் இயல்பினது. மலைநாட்டுக் காலநிலைக்கு இதனினும் பொருத்தமான குணம் வேறில்லை. ஆதலால் அந்நாட்டில் வேறு தேனீயினத்தை வளர்க்கச் சட்டம் இடந்தருவதில்லை.

அந்நாட்டவர் பெருமையுடன் நினைவுகூரும் அன்ரன் யான்ஷா 1734 ஆம் ஆண்டில் பிரெஸ்னித்சா என்னும் மலையடிவாரச் சிற்றூரிற் பிறந்தவர். ஓவியம் பயில வியன்னா நகர் சென்றவரை, தேனீ வளர்ப்பிலே அவருக்கிருந்த அறிவு வேறொரு பணிக்கு இட்டுச்சென்றது. பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சியில் அவர் தேனீ வளர்ப்பு ஆசிரியராக நியமனம் பெற்று, 1773 இல் மறையும்வரை அக்கலையைப் போதித்தார். அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் மே 20 ஆந் திகதியையே ஐக்கிய நாடுகள் சபை 2017 ஆம் ஆண்டில் உலகத் தேனீ தினமாக அறிவித்தது.

குளிரை வெல்லும் பந்து

தேனீப்பெட்டிக்குள் குளிர்காலத்தில் நிகழ்வதை இனி நோக்குவோம். வெப்பநிலை ஏறக்குறைய 14 பாகைக்குக் கீழே இறங்கியதும், வதைகளில் ஆங்காங்கே பரந்திருந்த தேனீக்கள் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்குகின்றன. குளிர் மிகமிக நெருக்கமும் மிகுகின்றது. ஈற்றில் அவை பல வதைகளின் இடைவெளிகளை நிறைத்து ஒரு பந்தின் வடிவத்தை அடைகின்றன. கோடையில் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்த கூட்டம் இப்போது பத்துப் பதினையாயிரமாகக் குறைந்திருக்கும். ஆண் தேனீக்கள் முன்னரே வெளியே துரத்தப்பட்டுவிட்டன. பந்தின் நடுவிலே இராணி இருக்கின்றாள்.

இப்பந்தின் வெளிப்புறத் தேனீக்கள் தலையை உள்நோக்கி வைத்து, உடலோடு உடல் ஒட்டி, ஒரு கம்பளிப் போர்வைபோல அமைகின்றன. உள்ளே இருப்பவையோ சிறகுகளை அசைக்காமலே சிறகுத் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. குளிரில் நம் உடல் தானாக நடுங்குவதும் இதே வேலைதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியின் துணையுடன் இதனைத் தெளிவாக்கியது. வெப்பம் உண்டாக்கும் தேனீக்கள் பந்தின் நடுப்பாகத்திலேயே மிகுதியாகக் காணப்பட்டன; மேற்பரப்பில் இருப்பவற்றுட் பெரும்பாலானவை அவ்வெப்பத்தைத் தடுத்து வைத்திருக்கும் போர்வையாகவே இருந்தன. நடுவில் அடுப்பு, சுற்றிலும் சுவர் என்று நாம் கூறலாம்.

வெளியே தரை உறைந்து கிடக்கும்போதும் பந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 10 பாகையிலும், நடுப்பகுதி 20 முதல் 30 பாகை வரையிலும் நிற்கும். இளங்குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினாலோ அங்கு 34, 35 பாகை வேண்டும். ஆனால், அவை சூடாக்குவது தம் பந்தை மட்டுமே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். பெட்டியின் மூலைகளிலே குளிர் தன் விருப்பம்போல் இருந்துவிட்டுப் போகலாம்.

தேனீ குளிர்காலத்தில் மரத்துக் கிடப்பதில்லை என்பதைத் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் ஜெனீவா நகரத்துப் பிரான்சுவா ஹூபர் (1750-1831). கண்பார்வையை இழந்த அவர், தம் உதவியாளரின் கண்களையே தம் கண்களாகக் கொண்டு ஆராய்ச்சி நடத்தி, 1792 இல் தேனீக்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். காணாத ஒருவர் கண்டு கூறியவை இன்றும் நிலைபெற்றுள்ளன.

கொல்வது எது?

அங்ஙனமாயின் குளிர்காலத்திற் கூட்டங்கள் மடிவதேன்? நன்கு அமைந்த கூட்டத்தை வெறுங்குளிர் கொல்வது அரிது. பசி, ஈரம், நோய் ஆகிய மூன்றுமே அதன் பெரும்பகைவர்.

பசியின் கதை மிகவும் இரங்கத்தக்கது. பந்து தான் இருக்கும் இடத்திலுள்ள தேனை உண்டு, மெல்ல மெல்ல மேலே நகரும். கடுங்குளிர் தொடர்ந்து நீடித்தால், இறுகிய பந்து பக்கத்து வதைக்கு நகர இயலாது. அப்போது ஒரு சாண் தொலைவில் மூடி முத்திரையிட்ட தேன் நிறைந்திருக்க, கூட்டம் முழுவதும் பட்டினியால் இறந்துபோவதுண்டு. அத்தகைய பெட்டியைத் திறப்பவர், வெறுமையான அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே மடிந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான தேனீக்களைக் காண்பார்.

ஈரத்தின் கணக்கை விஞ்ஞானம் பயிலும் மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். வெல்லப்பொருள் ஒட்சிசனுடன் சேர்ந்து எரியும்போது காபனீரொட்சைட்டும் நீரும் உண்டாகின்றன. தேனிலே முன்னரே கலந்துள்ள நீரையும் கூட்டினால், ஒரு கிலோகிராம் தேனை உண்ணும் கூட்டம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு கிலோகிராம் நீரை வெளியிடுகின்றது. 15 கிலோகிராம் தேன் செலவாகும்போது 10 இலீற்றர் நீர்! அந்த நீராவி குளிர்ந்த மூடியிற் பட்டுத் துளியாகிப் பந்தின்மேற் சொட்டினால், உலர்ந்த குளிரைத் தாங்கிய தேனீ நனைந்த குளிரைத் தாங்காது. இதனாலேயே, பெட்டியை இறுக அடைத்து வெப்பத்தைக் காக்க முயல்வது நன்மைக்குப் பதிலாகத் தீமையை விளைக்கும். ஈரம் வெளியேற வழி இருத்தல் வேண்டும். பெட்டி சற்றே முன்சாய்வாய் இருப்பின், தேங்கிய நீர் வாயில் வழியே வடிந்துவிடும்.

இலையுதிர்காலத்துக் கணக்கு

முற்காலத்தில் ஐரோப்பாவின் பல பாகங்களில் வைக்கோற் கூடைகளிலே தேனீ வளர்த்தனர். இலையுதிர்காலம் வந்ததும், தேன் மிகுந்த கூடையின் கீழே கந்தகப் புகையிட்டுக் கூட்டத்தைக் கொன்று தேனை எடுத்தனர். வதைகளைச் சட்டத்திற் கட்டச்செய்து, வேண்டியதை மட்டும் வெளியே எடுக்கும் பெட்டிகள் 19 ஆம் நூற்றாண்டில் பரவிய பின்னர் இக்கொலைக்குத் தேவையில்லாது போயிற்று. அவ்வாறே சுலோவேனியாவில் அன்ரன் சினிடர்சிச் (1874-1947) வகுத்த பெட்டி இன்றும் வழக்கிலுள்ளது. இதன் சட்டங்களை, அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதுபோலப் பின்புறமாக இழுத்து எடுக்கலாம். பெட்டிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஒரு சிறிய மரவீட்டின் சுவராகவே அமைத்துவிடுவர். அயற்பெட்டியின் வெப்பம் அடுத்ததற்கும் சிறிது உதவும். வளர்ப்பவரும் மழையிலும் பனியிலும் நனையாமல் உள்ளே நின்று கவனிக்கலாம். பழைய பெட்டிகளின் முகப்புப் பலகைகளிலே குடியானவர் வண்ணச் சித்திரங்கள் தீட்டுவித்தனர். 1758 ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட பலகையொன்று அவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. ராடோவ்லித்சா நகரில் 1959 இல் நிறுவப்பட்ட தேனீ வளர்ப்பு நூதனசாலையில் அத்தகைய பலகைகள் பலவற்றைக் காணலாம்.

கொல்லாமல் எடுக்க வழி பிறந்ததும் புதியதொரு வினாவும் பிறந்தது. எவ்வளவை எடுப்பது? எவ்வளவை விடுவது? தேனீ வளர்ப்பவரின் அறிவும் மனச்சாட்சியும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் இதுவே. அத்தகைய மலைநாட்டில் ஒரு கூட்டத்துக்கு 15 முதல் 20 கிலோகிராம் வரை உணவு இருப்பில் இருத்தல் வேண்டும். இதிற் பெரும்பகுதி கடுங்குளிரிற் செலவாவதில்லை என்பது புதியோர்க்கு வியப்பளிக்கும். குஞ்சு வளர்ப்பு நின்றிருக்கும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் மாதத்துக்கு ஒரு கிலோகிராம் அளவே செலவாகும். பெப்ரவரியில் இராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கியதும் செலவு இரண்டு மூன்று மடங்காக உயர்கின்றது. ஆதலால் கடுங்குளிரைத் தாண்டிய கூட்டமே, கரைசேரும் நேரத்தில் மூழ்கும் தோணிபோல, மார்ச்சு மாதத்திற் பட்டினியால் அழிந்துவிடக் கூடும்.

எடுத்த தேனுக்கு ஈடாகச் சீனிப்பாகு கொடுப்பதுண்டு. அதனையும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கு முன்னரே முடித்துவிடவேண்டும். பாகிலுள்ள நீரை வற்றச் செய்து, அறைகளில் நிரப்பி, மெழுகால் மூடுவதற்குத் தேனீக்கு வெயிலும் காலமும் வேண்டும். காட்டு மரங்களிற் பூச்சிகள் சுரக்கும் இனிய நீரிலிருந்து தேனீ சேர்க்கும் கருந்தேன் சந்தையில் நல்ல விலை பெறும். குளிர்காலத்திலோ அது கூட்டத்துக்கு ஏற்றதன்று. அதிலுள்ள கனிப்பொருள்கள் மிகுதியான கழிவை உண்டாக்கும். தேனீயோ தன் வீட்டை அசுத்தப்படுத்தாத உயிர். வெளியே பறக்கும் நாள் வரும்வரை, வாரக்கணக்காகக் கழிவை உடலிலேயே அடக்கி வைத்திருக்கும். அடக்க இயலாதுபோனால் வயிற்றுநோய் கூடு முழுவதும் பரவிவிடும்.

உண்ணியும் ஆறுமாத ஆயுளும்

கோடையிற் பிறக்கும் வேலைத்தேனீ ஐந்தாறு வாரங்களில் உழைத்துத் தேய்ந்து மடியும். ஓகஸ்ட் இறுதியிலிருந்து ஒக்டோபர் வரை பிறப்பவையோ ஏறக்குறைய ஆறு மாதங்கள் வாழும். அவற்றின் உடலிலே கொழுப்புத் திசு தடித்து, உணவுச் சேமிப்பாய் அமைந்துள்ளது. வதையிலுள்ள தேன் கூட்டத்தின் களஞ்சியமாயின், இக்கொழுப்பு ஒவ்வொரு தேனீயும் தன் மடியிற் கட்டிக்கொண்டு வரும் களஞ்சியம் எனலாம்.

அக்களஞ்சியத்தைக் கொள்ளையிடும் பகைவன் வரோவா என்னும் சிற்றுண்ணி. இதனுடன் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் நாட்டு மரப்பொந்துகளிற் கூடுகட்டும் தேனீ அடங்கிய ஆசிய இனமே வரோவா உண்ணிகளின் பழைய இருப்பிடம். நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்ததனால் ஆசியத் தேனீ அவற்றை அடக்கி வாழக் கற்றுக்கொண்டது. மேலைநாட்டுத் தேனீக்களைக் கிழக்கே கொண்டுவந்து வளர்த்தபோது அவ்வுண்ணிகளுள் ஒருவகை அவற்றிலும் தொற்றி, 1970களில் ஐரோப்பாவை அடைந்தது. எதிர்க்கும் பழக்கமில்லாத அங்குள்ள தேனீக்கு அது கூற்றுவனாயிற்று. உண்ணி இரத்தத்தை உறிஞ்சுகின்றது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2019 இல் வெளியான ஆய்வொன்று, அது முக்கியமாகக் கொழுப்புத் திசுவையே உண்கின்றது எனக் காட்டியது. குளிர்காலத் தேனீயின் உயிர்நாடியே அதுவன்றோ?

எனவே உண்ணியை ஒழிக்கும் வேலையைக் குளிர் வந்தபின் தொடங்குவதாற் பயன் குறைவு. குளிர்காலத் தேனீக்கள் பிறக்குமுன், கோடைத்தேனை எடுத்த கையோடு, போமிக்கமில ஆவி முதலியவற்றால் உண்ணியைக் குறைக்கவேண்டும். குஞ்சுகள் இல்லாத டிசெம்பரில் ஒட்சாலிக்கமிலத்தை ஒருமுறை இட்டு எஞ்சியதையும் நீக்குவர். சனவரியில் வெறுமையாய்க் கிடக்கும் பெட்டியின் அழிவு பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்திலேயே தொடங்கியிருக்கும்.

காதால் அறிதல்

வாயிலைச் சுருக்கி, எலி புகாதவாறு கம்பித்தட்டி அடித்து, மரங்கொத்திக்கு வலை கட்டியபின், வளர்ப்பவர் செய்யத்தக்க வேலை மிகச்சிறிதே. அச்சிறிது யாதெனில், தொந்தரவு செய்யாதிருத்தல். பெட்டியைத் திறந்தால் பந்து கலையும். கலைந்ததை மீண்டும் சூடாக்கத் தேன் வீணாகும். காற்றில் ஆடி பெட்டியில் மோதும் கிளையொன்று கூடத் தீங்கு செய்யும்.

ஆயினும் திறவாமலே அறிய வழிகள் உண்டு. பலகையிற் காதை வைத்து விரலால் மெல்லத் தட்டினால் உள்ளிருந்து ஓர் இரைச்சல் எழும். அது சட்டென அடங்கினால் நலம். நெடுநேரம் புலம்புவதுபோல் நீடித்தால் இராணி இல்லையோ என ஐயுறவேண்டும். அடித்தட்டை இழுத்துப் பார்த்தால், திறந்துண்ட அறைகளின் மெழுகுத் துகள்கள் வரிவரியாய் வீழ்ந்திருக்கும். வரிகளின் எண்ணிக்கை கூட்டத்தின் அளவையும், அவை கிடக்கும் இடம் பந்து நிற்கும் இடத்தையும் கூறும். பெட்டியின் பின்பக்கத்தைச் சிறிது தூக்கிப் பார்த்தே இருப்பைக் கணிக்கும் முதியவர்களும் உண்டு.

பெப்ரவரியில் ஒருநாள் வெயில் எறிந்து வெப்பநிலை 10 பாகையைத் தாண்டுமாயின், பல வாரங்களாக அடங்கிக் கிடந்தவை கூட்டமாய் வெளியே பறந்து கழிவை நீக்கிக்கொள்ளும். பனிமேல் மஞ்சட் புள்ளிகள் தெறிக்கும். அன்று துணி உலர்த்திய அயல்வீட்டுப் பெண்களின் கோபத்துக்கும் வளர்ப்பவர் ஆளாவார். எனினும் அவருக்கு அந்நாள் ஒரு திருநாளே, கூட்டம் உயிரோடிருக்கின்றது.

இளகிவரும் குளிர்

இப்போது குளிர்காலங்கள் முன்போல் இல்லை. வெப்பம் மிகுந்துவருவதாற் தேனீக்கு நன்மை என்று எண்ணத் தோன்றும். நடப்பதோ மாறானது. குளிர் இறுகாத ஆண்டிலே இராணி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. குஞ்சுகளுக்குச் சூடும் உணவும் தேவைப்பட, தேன் விரைவிற் குறைகின்றது. அடைத்த அறைகளுக்குள் உண்ணியும் இடைவிடாது பெருகுகின்றது. இளவெயிலை நம்பி முன்கூட்டியே பெருகிய கூட்டத்தை ஏப்பிரில் மாதத்து உறைபனி பூக்களைக் கருக்கிப் பட்டினியில் ஆழ்த்துவதும் உண்டு. நெடுங்காலம் கடுங்குளிருக்கென்றே பழகிய உயிருக்கு, அக்குளிர் தவறுவதே புதிய ஆபத்தாகிவிட்டது. ஆதலால் விட்டுவைக்கும் தேனின் அளவை முன்னிலும் தாராளமாக்குவதும், இருப்பை அடிக்கடி கணிப்பதும் இன்றைய வளர்ப்பவரின் கடமையாகின்றன.

சுலோவேனியரின் மொழியிலே, விலங்குகள் சாவதற்கு ஒரு சொல்லும் மனிதர் இறப்பதற்கு வேறொரு சொல்லும் உண்டு. தேனீக்கு அவர்கள் மனிதருக்குரிய சொல்லையே வழங்குகின்றனர். நம் மொழியிலும் இத்தகைய வேறுபாடு உண்டென்பதை வாசகர் அறிவர். எச்சொல்லை யாருக்கு வழங்குகின்றோம் என்பதிலேயே நம் உறவு வெளிப்பட்டுவிடுகின்றது. தன் கூட்டத்துக்கென்று 20 கிலோகிராம் தேனைத் தொடாமல் விட்டுவைக்கும் ஒருவருக்கு அச்சொல் இயல்பாகவே வரும்.

மார்ச்சு மாதத்திற் புல்வெளிகளிற் பனி கரைய, வில்லோ மரங்கள் பூக்கின்றன. இலையுதிர்காலத்திற் பிறந்து ஆறு மாதம் பந்தாய் நின்ற தேனீக்கள் முதல் மகரந்தத்தைக் காலிற் சுமந்துவந்து இளங்குஞ்சுகளை ஊட்டி வளர்க்கின்றன. குஞ்சுகள் வளர்ந்து வெளிவரும் நாட்களில், வளர்த்தவை ஒவ்வொன்றாய் வெளியே பறந்து சென்று திரும்பாது போகின்றன. மே மாதத்துப் பூக்களிலே ஒன்றையேனும் அவை காண்பதில்லை. அவை காத்துக் கொடுத்த கூடு மட்டும் நிறைந்து இரைகின்றது.